தோரணத்தோடு போன கதவு

உங்கள் வீட்டுக் கதவு என்றைக்காவது உங்களைக் கேட்காமல் வெளியே கிளம்பிப் போயிருக்கிறதா? சிரிக்காதீர்கள், பாண்டீஸ்வரி வீட்டுக் கதவு போனது. அதுவும் நல்ல வெளிச்சத்தில், அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது போனது. நிலைச்சட்டத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்று வாடகைப் பத்திரத்தில் போட்டிருந்ததால் கதவின் நெற்றியிலேயே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் மாவிலைத் தோரணமும், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனக் குங்குமப் பொட்டும் கலையாமல், கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி அப்படியே போனது.

இது நடந்தது அமெரிக்காவில், ஹார்லோ என்கிற ஆற்றங்கரை ஊரில். ஒரு காலத்தில் நூல் மில்லுகள் ஓடி, பிறகு மில்லுகள் மூடி, புகைபோக்கிகளில் புறாக்கள் குடியேறிவிட்ட ஊர் அது. சாத்தூருக்குத் தெற்கே ஒரு கரிசல் ஊரில் பிறந்து, ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே பிளஸ் டூ முடித்த பாண்டீஸ்வரி, தோசை மாஸ்டர் சோலைராஜைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வந்து, ஆற்றோரம் பழுப்புச் செங்கல் கட்டடம் ஒன்றில் மூன்றாவது மாடியில் குடியிருந்தாள். அந்தக் கட்டடத்தில் சுவரோரம் இரும்புக் குழாய்கள் மடித்து மடித்து நிற்கும். குளிர் காலத்தில் அதற்குள் வெந்நீர் ஓடி வீட்டைச் சுடவைக்க வேண்டும். போன குளிரில் அது ஓடவே இல்லை. கட்டடத்தை வாங்கிய கம்பெனிக்கு போன் போட்டால் பாட்டுப் போடுவார்கள், பாட்டு முடிந்தால் இன்னொரு பாட்டுப் போடுவார்கள். கைக்குழந்தையாக இருந்த இதழினிக்கு அந்தக் குளிரில் நெஞ்சுக்குள் பூனை உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்து உட்கார்ந்துகொண்டது. சித்திரை வெயில் வந்த பிறகுதான் பூனை இறங்கிப் போனது. இப்போது இதழினி தத்தித் தத்தி நடக்கிறாள். அடுத்த குளிர் வருவதற்குள் அந்தக் குழாய் சுட வேண்டும், பூனை திரும்பி வரக் கூடாது. பாண்டீஸ்வரிக்கு அமெரிக்காவிடம் இருந்த கோரிக்கை அது ஒன்றுதான்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் கதவு தட்டப்பட்டது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு திறந்தாள். மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற யாரிட்ஸா நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் தரை துடைத்தவள். இவள் ஹார்லோவிலேயே பிறந்து, காலையும் மாலையும் பஸ் ஓட்டி, நடுவில் கிடைக்கிற நேரத்தில் வீடு வீடாகப் போய், இந்த வார்டு கவுன்சிலர் தேர்தலில் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லூரி முடித்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, முகத்தில் பரு இன்னும் போகவில்லை.

"ஜெயிச்சா முதல் வேலையா ஒரு சட்டம் கொண்டு வருவேன். குளிர் காலத்துல குழாயச் சுடவைக்காத கட்டடத்துக்கு நகர மன்றமே ஆள அனுப்பி ரிப்பேர் பண்ணும், செலவ முதலாளி தலையில கட்டும்" என்று சொல்லி ஒரு காகிதத்தை நீட்டினாள்.

பாண்டீஸ்வரிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் கை நீளவில்லை. வாசற்படிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி நிற்க இந்தப் பக்கம் ஒருத்தி நிற்க, நடுவில் கொடுப்பதும் வாங்குவதும் அவள் ஊரில் கிடையாது. "உள்ள வந்து குடும்மா" என்றாள்.

"வர முடியாதுங்க. ஓட்டுக் கேட்கப் போறப்ப யார் வீட்டுக்குள்ளயும் கால் வைக்கக் கூடாதுன்னு எங்க ஆளுங்க விதி."

"அப்ப நான் வெளிய வரணும். பிள்ளை காலு வெறுங்காலு, இந்த வராண்டா தரை ஐஸு."

"அப்ப எப்படிங்க?"

"எப்படியோ!"

இருவரும் சிரித்தார்கள், இருவரும் அசையவில்லை. விதிக்கும் வழக்கத்துக்கும் நடுவில் இருந்தது அந்தக் கதவு ஒன்றுதான். அது இரண்டு பேரையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, குளிக்கப் போகும் பெண் வளையலைக் கழற்றி வைப்பது போலக் கீல்களைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, இடது மூலையை ஊன்றி வலது மூலையை வைத்து, 'டொக் டொக்' என்று நடந்து வெளியே போய், யாரிட்ஸாவின் பக்கத்தில் துணைக்கு நிற்கிறவள் மாதிரி நின்றுகொண்டது.

கதவே போன பிறகு வாசலுக்கு உள்ளென்ன வெளியென்ன? பாண்டீஸ்வரி கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். பருப்பு தீய்கிற வாசனை வந்தது. உள்ளே ஓடினாள்.

அதற்குப் பிறகு யாரிட்ஸா தட்டி, உள்ளே இருப்பவர்கள் காது கொடுத்துக் கேட்ட வீட்டுக் கதவெல்லாம் கீலைக் கழற்றிக்கொண்டு அவள் பின்னால் நடந்தது. செனகல் நாட்டிலிருந்து வந்து பக்கத்து வீட்டில் தலைபின்னும் தொழில் செய்த ஃபாத்துவின் கதவும் போனது, கீழ்வீட்டுக் கதவும் போனது, பேக்கரிக்காரர் கதவு மாவு வாசனையோடு போனது. தபால்காரர் தெருவிலேயே அந்தந்தக் கதவைப் பார்த்துத் தபாலைச் செருகப் பழகினார். நடைபாதையை மறித்து நின்றதற்காகப் போலீஸ்காரர் கதவுகளுக்கு அபராதச் சீட்டு ஒட்டினார், மறுநாள் அவர் வீட்டுக் கதவும் அந்த வரிசையில் நிற்பதைப் பார்த்து அதற்கும் நேர்மையாக ஒரு சீட்டு ஒட்டினார். மழை பெய்தால் சர்ச்சில் கீழ்த்தளத்தைத் திறந்துவிட்டார்கள், கதவுகள் வரிசையில் வந்து ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து ஈரம் காயவைத்துக்கொண்டன. டிவிக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போனார்கள். பல்கலைக்கழகத்துக்காரர்கள் வந்து டேப்பு வைத்து அளந்து, மரம் மரமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊரில் அதிகமாகப் பேசப்பட்ட விஷயமே வேறு: பூட்டுக் கடைக்காரருக்கு வியாபாரம் படுத்துவிட்டது, திரைச்சீலைக் கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

பாண்டீஸ்வரி கடைக்கெல்லாம் போகவில்லை. வளைகாப்புக்குக் கட்டிய அரக்குப் பட்டுச் சேலையை மட்டும் பெட்டியில் வைத்துவிட்டு, மற்ற சேலைகளை இரட்டையாக மடித்து நிலையில் தொங்கவிட்டாள். ஃபாத்து அவள் நாட்டுப் பூப்போட்ட துணியைத் தொங்கவிட்டாள். மூன்றாவது மாடி முழுக்கக் கொடியில் துணி காய்கிற மாதிரி ஆகிவிட்டது. கதவில்லாத வீட்டில் தட்டுவதற்கு என்ன இருக்கிறது? எல்லோரும் வெளியிலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். இத்தனை வருஷம் முகம் பார்க்காதவர்கள் அடுத்தவர் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்க ஆரம்பித்தார்கள், உப்பு குறைச்சல் என்றும் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இனி, எதிரில் நின்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பேர் ஹோரஸ் டில்மன். கறுப்பின மக்களை ஹோட்டலில் சரிசமமாக உட்கார விடாத காலத்தில், மீசை அரும்பாத வயதில் அப்படி ஒரு ஹோட்டலில் போய் உட்கார்ந்தவர். தலையில் காப்பியை ஊற்றினார்கள், எழுந்திருக்கவில்லை. பிறகு ஹார்லோவில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, முகத்தில் அறைந்து சாத்தியவர்கள் வீட்டையும் மறுநாள் போய்த் தட்டி, அந்த நகர மன்றத்தில் தன் மக்களில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தவர். அவரால்தான் ஆற்றோரத்துக்குப் பள்ளிக்கூடம் வந்தது, தெருவிளக்கு வந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து, அவர் முழங்கை ஊன்றிய இடத்தில் மன்றத்து மேசை குழிந்துவிட்டது. குழாய் விஷயத்தைச் சொன்னால் "பார்த்துச் செய்வோம்" என்பார், கனிவாகத்தான் சொல்வார், குளிர் போய்விடும்.

"உட்கார்ந்து ஜெயிச்ச மனுஷன், எந்திரிக்க மறந்துட்டாரு" என்பாள் ஃபாத்து.

"அப்படிச் சொல்லாத ஃபாத்து, அந்த மனுஷன் உட்காரலைன்னா நீயும் நானும் இங்க நிக்கவே முடியாது" என்பாள் பாண்டீஸ்வரி.

ஒரு நாள் யாரிட்ஸாவோடு பாண்டீஸ்வரி, டில்மன் இருக்கிற தெரு வழியாக நடந்தாள், பின்னால் கதவுகள் டொக் டொக்கென்று வர, நடுவில் தன் கதவின் தோரணம் ஆடுவதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. அந்தத் தெருவிலும் எல்லா வீட்டிலும் கதவு போயிருந்தது. ஒரே ஒரு நீலக் கதவு மட்டும், பித்தளைக் கைப்பிடி பளபளக்க, நின்ற இடத்திலேயே நின்றது.

"அந்த வீட்ட விட்டுட்டியே?"

"அது டில்மன் வீடு அக்கா. எதிர்ல நிக்கிறவங்க வீட்டுக்குப் போக வேண்டாம்னு எங்க ஆளுங்க சொல்லிட்டாங்க. எந்தெந்த வீட்டத் தட்டணும்னு போன்ல வர்ற பட்டியல்லயும் அந்த வீடு வராது. நேரம் வீண்தானே?" 'அக்கா' என்கிற வார்த்தையை அவள் இதற்குள் பழகியிருந்தாள்.

"எங்க ஊர்ல பஞ்சாயத்து எலக்‌ஷன்ல நிக்கிறவன் முதல்ல எதிராளி வீட்டுக்குத்தான் போவான். கும்பிடு போட்டு, 'அண்ணே, உங்க ஓட்டையும் எனக்கே போட்டுருங்க'ம்பான். அவரும் 'போடுறேன் தம்பி, காப்பி சாப்பிடு'ம்பாரு. ரெண்டும் பொய்தான். ஆனா காப்பி நிசம்."

யாரிட்ஸா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போய்விட்டாள். நீலக் கதவுக்குப் பின்னால் ஜன்னல் திரை லேசாக அசைந்த மாதிரி பாண்டீஸ்வரிக்குத் தெரிந்தது.

அக்டோபர் கடைசியில் குளிர் வந்தது. ஆற்றிலிருந்து ஏறி வந்து, சேலைகளை விலக்கிக்கொண்டு, சொந்தக்காரன் மாதிரி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. கதவுகளுக்கு நடக்கத் தெரிந்ததே தவிர, விட்டுவிட்டு வந்த வீட்டைச் சுடவைக்கத் தெரியவில்லை. ஒரு விடியற்காலையில் இதழினி இருமினாள். இருமல் முடிந்த பிறகும் ஒரு சத்தம் மிச்சம் இருந்தது. பூனை வந்துவிட்டது.

அதே காலையில் கம்பெனி மேனேஜர் வந்து, தொங்குகிற சேலையைப் பேனாவால் விலக்கிப் பார்த்தார். "கதவில்லாத வீட்டுல ஹீட்டர் ரிப்பேர் பண்ண முடியாது. சூடெல்லாம் வெளிய போயிரும்ல? கதவு திரும்பி வரட்டும், ஆள் அனுப்புறேன்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிற மாதிரியே இருந்தது.

கதவைத் திரும்ப அழைப்பதும் கஷ்டமில்லை. மேல்மாடிக்காரர் ஒருத்தர் பயந்துபோய்த் தெருவில் நின்று தன் கதவைப் பேர் சொல்லாமல் 'ஏய், வா' என்று கூப்பிட, அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து கீலில் மாட்டிக்கொண்டது. அது வந்ததைப் பார்த்து இன்னும் ரெண்டு கதவும் பின்னாலேயே வந்துவிட்டன. முதலில் போன கதவு பாண்டீஸ்வரியுடையது. அது திரும்பினால் எத்தனை திரும்பும் என்று ஊருக்கே தெரியும். தேர்தல் வாசலில் நின்றது.

"கூப்பிட்டுரு பாண்டி. நமக்கு ஓட்டா இருக்கு? பிள்ளை நெஞ்சு கேக்குதா இல்லையா உனக்கு?" என்றான் சோலைராஜ். அவன் கோபப்பட்டுச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கேக்குதுங்க. அதான் போறேன்."

பிள்ளையை ரெண்டு ஸ்வெட்டருக்குள் போட்டுத் தூக்கிக்கொண்டு நகர மன்றத்துக்கு நடந்தாள். மன்றத்து வாசல் படிகளுக்கு முன்னால் கதவுகள் எல்லாம் வரிசையாக, சாமி வரக் காத்திருக்கும் கூட்டம் போல மௌனமாக நின்றன. யாரிட்ஸா உதடு வெடித்து, பஸ் ஓட்டும் சட்டையோடு அங்கே இருந்தாள். இதழினியின் மூச்சைக் கேட்டதும் அவள் முகம் மாறியது.

"கூப்பிட்டுக்கோங்க அக்கா. உங்க கதவு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

பாண்டீஸ்வரி தன் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். தோரணத்தில் ஒரு இலை உடைந்திருந்தது. குங்குமம் மழையில் கரைந்து கன்னத்தில் வழிந்த மாதிரி ஒரு கோடு. கையை வைத்துப் பார்த்தாள், கதவு பனிக்கட்டியாக இருந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்த வாயில் வேறொன்று வந்தது.

"போன வருஷம் கதவு இருந்துச்சே! அடைச்சு, பூட்டி, அடியில துணியும் வச்சு அடைச்சு வச்சிருந்தேனே. அப்ப ஹீட்டர் எங்கடி போச்சு?"

கோபத்தில் தமிழில் வந்துவிட்டது, யாரிட்ஸாவுக்குப் புரியவில்லை. அவளுக்குப் புரிகிற மாதிரி இங்கிலீஷில் ஒருமுறை சொன்னாள், சொல்லச் சொல்லத் தனக்கே கோபம் ஏறிற்று. கோபத்தோடு நிமிர்ந்தவள் கண்ணில் மன்றத்து ஜன்னல் பட்டது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. கண்ணாடியில் ஆவி படிந்தால் உள்ளே சூடு என்று அர்த்தம்.

"இந்தக் கட்டடம் யாரோடது?"

"ஊரோடது அக்கா."

"உள்ள போகக் கூடாதுன்னு விதி இருக்கா?"

"மன்றம் நடக்கிற அன்னைக்கு யார் வேணா போகலாம். இன்னைக்குக் கூட்டம் இருக்கு."

அவ்வளவுதான். பாண்டீஸ்வரி ஃபாத்துவுக்கு போன் போட்டாள், ஃபாத்து கீழ்வீட்டுக்குச் சொன்னாள், கதவில்லாத வீடுகளில் சேதி பரவுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மதியத்துக்குள் ஆற்றோரத்துக் கட்டடத்துத் தாய்மார்கள் எல்லாம் பிள்ளைகளையும், தலையணைகளையும், பால் பாட்டில்களையும், பாண்டீஸ்வரியின் ரைஸ் குக்கரையும் தூக்கிக்கொண்டு நகர மன்றத்துக்குள் வந்து, சூடான குழாய்களை ஒட்டி வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கோஷம் போடவில்லை. ஃபாத்து ஒருத்திக்குத் தலை பின்னினாள், சோறு வெந்தது, பிள்ளைகள் தூங்கின. காவலாளி வந்து, யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல், குக்கரைச் செருகப் பிளக் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனார். இதழினியின் நெஞ்சுக்குள் இருந்த பூனை, சூடு பட்டதும் சுருண்டு படுத்தது.

கவுன்சிலர்கள் வந்தார்கள். டில்மன் தன் நாற்காலிக்குப் போகிற வழியில் நின்றுவிட்டார். தரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களையும், எழுந்திருக்கப் போவதில்லை என்று அவர்கள் உட்கார்ந்திருந்த தினுசையும் வெகுநேரம் பார்த்தார். அந்த உட்கார்தல் அவருக்குத் தெரிந்த உட்கார்தல். பாண்டீஸ்வரியிடம் குனிந்து, "இங்க எதுக்கும்மா வந்தீங்க?" என்று கேட்டார்.

"குளிருதுங்கய்யா" என்றாள். அவ்வளவு இங்கிலீஷ் அவளுக்கு நன்றாகவே வந்தது.

அவர் கை தன்னையறியாமல் தலைக்குப் போனது, எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஊற்றிய காப்பியைத் துடைக்கிற மாதிரி. பிறகு போய் மேசையில் குழிந்த இடத்தில் முழங்கையை ஊன்றாமல், நின்றுகொண்டே பேசினார். யாரிட்ஸா கொண்டு வருவதாகச் சொன்ன சட்டத்தை, இது அந்தப் பெண் கேட்டது என்று அவள் பேரையும் சொல்லி, அவரே மன்றத்தில் வைத்தார். கைகள் உயர்ந்தன. சட்டம் ஆயிற்று.

அடுத்த செவ்வாய்க்கிழமை தேர்தல். ஊர் அவருக்கு நன்றி சொன்னது, ஓட்டை அவளுக்குப் போட்டது.

நகர மன்றத்து ஆட்கள் ஸ்பேனரோடு வந்து, இரும்புக் குழாய் வயிறு இரைந்து, கனைத்து, ஒருவழியாகச் சுட்ட அன்றைக்குக் கதவுகள் திரும்பின. தெருத் தெருவாகப் பிரிந்து, ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டு, அவரவர் வீட்டு நிலையில் போய்ப் பொருந்தின. பாண்டீஸ்வரியின் கதவு முன்னைவிடக் கொஞ்சம் அகலமாகத் திறந்துகொண்டது, அதை அவள் கம்பெனிக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு யாரிட்ஸாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். தேர்தல் முடிந்துவிட்டது, இனி உள்ளே வரத் தடையில்லை. யாரிட்ஸா சமையலறையில் நின்றுகொண்டே சோலைராஜ் வார்த்த தோசையைத் தின்று, "இதுக்காகவே விதியை முன்னாலேயே மீறியிருக்கலாம் அக்கா" என்றாள்.

அப்போது கதவு தட்டப்பட்டது. டில்மன் நின்றார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"உள்ள வாங்கய்யா. வாசல்ல நின்னு பேசுறது எங்க வழக்கமில்ல."

வந்தார். உட்காரச் சொன்னாள், வேண்டாம் என்றார், தோசை வேண்டுமா என்றாள், வேண்டும் என்றார். நின்றுகொண்டே பாதி தின்றார். யாரிட்ஸா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வாழ்த்துச் சொல்லத்தான் வந்தேன்" என்றார் அவளிடம். "எங்க தெருவுல எல்லாக் கதவும் போச்சு. ஒவ்வொரு நாளும் மதியம் நான் சட்டை மாத்திட்டு, ஷூ போட்டுட்டு, கதவுக்குப் பின்னால உட்கார்ந்திருப்பேன். டொக் டொக்குன்னு வரும். என் வாசலுக்கு வர்றப்ப நின்ன மாதிரி இருக்கும். அப்புறம் தாண்டிப் போயிடும்."

"எதிர்ல நிக்கிறவங்க வீட்டுக்கு..." என்று ஆரம்பித்த யாரிட்ஸா, பாண்டீஸ்வரியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"தெரியும்மா. எங்க ஆளுங்களுக்கு அந்த விதியப் போட்டதே நான்தான்." அவர் சிரித்தார். மீதித் தோசையை மடித்து வாயில் போட்டு, நிதானமாக மென்று முடித்தார். இதழினி தத்தித் தத்தி வந்து அவருடைய ஷூவைத் தொட்டுப் பார்த்தாள், மூச்சில் ஒரு சத்தமும் இல்லை. "நான் தட்டின கதவுக்குக் கணக்கே கிடையாது. யார் யாரோ திறந்தாங்க, யார் யாரோ திட்டினாங்க. ஆனா ஒரு சின்னப் பொண்ணு வந்து என் கதவத் தட்டி, 'உங்க ஓட்ட எனக்குப் போடுங்க'ன்னு கேட்டதே இல்ல."

தொப்பியை மாட்டிக்கொண்டு, அகலமாகத் திறந்திருந்த கதவின் தோரணத்துக்குக் கீழே போய் நின்று திரும்பினார்.

"நாளைக்குப் பஸ்ஸை விட்டுட்டு வர்றப்ப, அந்த வழியா வந்து, என் வீட்டுக் கதவையும் ஒரு தட்டுத் தட்டிட்டுப் போம்மா."